பிக் அப்: ஒரு ஃபிரேசல் வெர்ப்பின் பொருள்களும் பயன்பாடும்

ஆங்கிலத்தில் ‘பிக்’ என்ற வினை தனியே நின்றால் பறிப்பது, பொறுக்குவது, தேர்ந்தெடுப்பது ஆகிய பொருள்களைத் தரும். செடியிலிருந்து பூப் பறிப்பது ‘பிக்’. அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பதும் ‘பிக்’. அதன் பின்னால் ‘அப்’ என்ற சிறு சொல் சேர்ந்ததும் அது வேறொரு வினையாகிவிடுகிறது. தரையில் கிடக்கும் காசை எடுப்பது, போனில் பதில் கொடுப்பது, பள்ளிக்கூட வாசலிலிருந்து பிள்ளையைக் கூட்டி வருவது, கேட்டுக் கேட்டே ஒரு மொழியைப் பழகிக்கொள்வது, சளி பிடிப்பது, மந்தமாகக் கிடந்த வியாபாரம் சூடுபிடிப்பது, போலீஸ் ஒருவரைத் தூக்கிச் செல்வது, ஓட்டலில் எல்லாருக்கும் சேர்த்து ஒருவரே பணம் கட்டுவது ஆகிய அனைத்துக்கும் ஆங்கிலத்தில் ‘பிக் அப்’ என்ற ஒரே வினை போதும்.

வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறு சொல் ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தரும் இந்த அமைப்பே ஃபிரேசல் வெர்ப். இந்தப் பெயர் 1925இல் லோகன் பியர்சல் ஸ்மித் எழுதிய ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ நூலில் அச்சேறியது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் பதிப்பாசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது என்று ஸ்மித் குறிப்பிட்டிருக்கிறார். பெயர் புதிதானாலும் சிக்கல் பழையது. 1755இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார் இத்தகைய வினைகளில்தான் மிகவும் தடுமாறுகிறார்கள் என்று எழுதினார். பிற்காலத்தில் இவற்றுக்கென்றே தனி அகராதிகள் வந்தன. 1989இல் வெளியான காலின்ஸ் கோபில்ட் ஃபிரேசல் வெர்ப் அகராதி அவற்றுள் நன்கு அறியப்பட்டது.

அகராதியைத் திறந்தால் ‘பிக் அப்’புக்கு இருபதை ஒட்டிய பொருள்கள் எண்ணிட்டு வரிசையாக நிற்கும். அந்த வரிசையை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. பேச்சில் வாக்கியம் ஓடும்போது பதினான்காம் எண்ணைத் தேடி எடுக்க யாராலும் முடியாது. இரண்டு செய்திகளைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் தேவைப்படாது. முதலாவது, இந்த வினையின் எல்லாப் பொருள்களும் இரண்டே வேர்களிலிருந்து கிளைத்தவை: கீழே கிடப்பது ஒருவர் கைக்கு வருவது ஒன்று, தாழ்ந்திருப்பது மேலே எழுவது மற்றொன்று. இரண்டாவது, எந்தப் பொருள் என்பதைத் தீர்மானிப்பது வினை அல்ல, அதன் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல். காசு நின்றால் எடுப்பது. காய்ச்சல் நின்றால் தொற்றுவது. பில் நின்றால் பணம் கட்டுவது. எனவே ‘பிக் அப்’ கண்ணில் பட்டதும் எதை, யார், எங்கிருந்து என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பதே சரியான முறை.

கையால் எடுப்பது

அடிப்படைப் பொருள் இது. ‘ஷீ பிக்ட் அப் த காயின்’ என்றால் அவள் குனிந்து காசை எடுத்தாள். ‘ஹி பிக்ட் அப் த பேபி’ என்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். இதே இடத்தில் ‘லிஃப்ட்’ என்ற வினையையும் பலர் போடுகிறார்கள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ‘லிஃப்ட்’ என்பதில் கனமும் உயரமும் முன்னிற்கின்றன. மூட்டையைத் தோளளவுக்கு உயர்த்துவது ‘லிஃப்ட்’. ‘பிக் அப்’ என்பதில் பொருள் ஒருவர் கைக்கு வந்து சேர்வதுதான் முக்கியம். பேனா, சாவி, பத்திரிகை, கரண்டி போன்றவற்றை எடுக்க ‘பிக் அப்’ என்பதே இயல்பு.

அமெரிக்க வீடுகளில் இந்தப் பொருள் கொஞ்சம் விரிந்து, இறைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்துவதையும் குறிக்கும். ‘பிக் அப் யுவர் ரூம்’ என்று தாய் பிள்ளையிடம் சொன்னால், அறையில் சிதறிக் கிடப்பவற்றை எடுத்து வைக்கச் சொல்கிறாள். ‘பிக் அப் ஆஃப்டர்’ என்பது ஒருவர் போட்டுவிட்டுப் போனதை இன்னொருவர் எடுத்துச் சுத்தம் செய்வது. வெளிநாட்டுப் பூங்காக்களில் ‘பிளீஸ் பிக் அப் ஆஃப்டர் யுவர் டாக்’ என்று எழுதியிருக்கும் பலகை நாயின் கழிவை அதை அழைத்து வந்தவரே அகற்ற வேண்டும் என்கிறது.

விழுந்தவர் தம்மைத் தாமே எடுத்துக்கொள்வதும் உண்டு. ‘ஷீ பிக்ட் ஹெர்செல்ஃப் அப்’ என்றால் தடுக்கி விழுந்தவள் எழுந்து நின்றாள். தோல்வியிலிருந்தும் துக்கத்திலிருந்தும் மீள்வதற்கும் இதே வாக்கியம் பொருந்தும்.

போனை எடுப்பது

‘போன் எடுக்கவே மாட்டேங்கறான்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது தமிழர் வாயில் மூன்று வடிவங்கள் வருகின்றன: ‘ஹி இஸ் நாட் லிஃப்டிங் த போன்’, ‘ஹி இஸ் நாட் பிக்கிங் த போன்’, ‘ஹி இஸ் நாட் அட்டெண்டிங் த கால்’. மூன்றும் இந்தியாவுக்குள் புரியும். வெளியே இவற்றின் நிலை வேறு. ‘லிஃப்டிங் த போன்’ என்பது கருவியைக் கையால் உயர்த்தும் செயலாகக் கேட்கும். ‘அட்டெண்ட்’ கூட்டத்துக்கும் வகுப்புக்கும் உரிய வினை. ‘பிக்கிங் த போன்’ என்பதோ கடையில் நின்று பல போன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் காட்சியைத் தரும், ஏனென்றால் ‘அப்’ விழுந்துபோனதும் வினை பழைய ‘பிக்’ ஆகிவிடுகிறது.

சரியான வடிவம் ‘ஹி இஸ் நாட் பிக்கிங் அப்’. இங்கே ‘த போன்’ என்று சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ‘ஐ கால்ட் ட்வைஸ் பட் நோபடி பிக்ட் அப்’ என்பது முழுமையான வாக்கியம். ‘ஹி இஸ் நாட் ஆன்ஸரிங்’ என்றும் சொல்லலாம். அலுவலகக் கடிதங்களுக்கு அதுவே பொருத்தம்.

ஆளைக் கூட்டி வருவதும் பொருளை வாங்கி வருவதும்

ஓர் இடத்துக்குப் போய், காத்திருப்பவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது ‘பிக் அப்’. இறக்கிவிடுவது ‘டிராப் ஆஃப்’. இந்த இணை தமிழ்ப் பேச்சில் ‘பிக்கப், டிராப்’ என்று ஏற்கெனவே புழங்குகிறது. பள்ளி வேன்களும் ஐ.டி. நிறுவன வண்டிகளும் அதைப் பரப்பிவிட்டன. தமிழில் சொல்லும்போது ‘அப்’ தவறாமல் வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஐ வில் கம் அண்ட் பிக் யூ’ என்று பாதியில் நின்றுவிடுகிறது. இந்த வாக்கியத்துக்குப் பொருள் ‘வந்து உன்னைத் தேர்ந்தெடுப்பேன்’ என்பதே. ‘ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்’ என்று கடைசி ‘அப்’பை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த ஒரு திருத்தத்தை மட்டும் பழகினாலே இந்த அத்தியாயத்தின் பாதிப் பயன் கிடைத்துவிடும்.

பொருள்களுக்கும் இதே வினை பொருந்தும். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கி வருவது, கூரியர் அலுவலகத்தில் பார்சலைப் பெற்றுக்கொள்வது, வீட்டுக்கு வரும் வழியில் பால் வாங்கி வருவது எல்லாம் ‘பிக் அப்’. ‘கேன் யூ பிக் அப் சம் மில்க் ஆன் யுவர் வே ஹோம்?’ என்பது வீடுகளில் அன்றாடம் கேட்கும் கேள்வி. இதில் வாங்குதல் இருக்கிறது, ஆனால் பெரிய ஏற்பாடு இல்லாத வாங்குதல். மலிவாகக் கிடைத்ததை மடக்கிப் போடுவதற்கும் இது பொருந்தும்: ‘ஹி பிக்ட் அப் அன் ஓல்ட் ரேடியோ ஃபார் டூ ஹண்ட்ரட் ருபீஸ்’.

ஆளைக் குறிக்கும்போது இரண்டு இடங்களில் எச்சரிக்கை வேண்டும். ஒன்று காவல்துறை. ‘த போலீஸ் பிக்ட் ஹிம் அப்’ என்றால் போலீஸ் அவனைத் தூக்கிவிட்டது. தமிழில் ‘தூக்கிட்டாங்க’ என்னும்போது இருக்கும் அதே தொனி ஆங்கிலத்திலும் இருக்கிறது. முறைப்படி கைது செய்தார்களா, விசாரிக்க மட்டும் அழைத்துப் போனார்களா என்பதை இந்த வினை சொல்லாது. செய்தித்தாள்கள் ‘பிக்ட் அப் ஃபார் கொஸ்சனிங்’ என்று எழுதுவது, கைது என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில்தான். அதைக் ‘கைது செய்யப்பட்டார்’ என்று மொழிபெயர்ப்பது தவறு. சட்டப்படி கைதானதற்கு ‘அரெஸ்டட்’ என்ற தனிச்சொல் உண்டு. ஒருவருடைய பெயரும் மானமும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருப்பதால் செய்தி எழுதுவோர் இதில் தளர்வு காட்டக் கூடாது.

மற்றொன்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, காதல் அல்லது உடலுறவு நோக்கத்தோடு உடன் அழைத்துச் செல்வது. இதற்கும் ‘பிக் அப்’ என்றே பெயர். அப்படிப் பேச்சைத் தொடங்கச் சொல்லும் வசனம் ‘பிக்கப் லைன்’. கல்லூரி மாணவர் பேச்சுத் தமிழில் ‘பிக்கப் பண்ணிட்டான்’ என்பதற்கும் இந்தச் சாயல் உண்டு. ஆகவே ‘ஐ பிக்ட் அப் எ கேர்ள் அட் த பஸ் ஸ்டாண்ட்’ என்று வெறுமனே சொன்னால், கேட்பவர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொள்வார். யார், எங்கிருந்து என்பதைச் சேர்த்துவிட்டால் ஐயம் தீரும்: ‘ஐ பிக்ட் மை நீஸ் அப் ஃப்ரம் த பஸ் ஸ்டாண்ட்’. வழியில் நின்றவருக்கு உதவியதைச் சொல்ல ‘ஐ கேவ் ஹெர் எ லிஃப்ட்’ என்பது பாதுகாப்பான வாக்கியம்.

தேடிப் போகாமல் வந்து ஒட்டுவது

‘பிக் அப்’பின் அழகான பகுதி இதுதான், தமிழர் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் பகுதியும் இதுவே. வகுப்பு, பாடப்புத்தகம், ஆசிரியர் என்று எதுவும் இல்லாமல், புழங்கும் இடத்திலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வதை ஆங்கிலம் ‘பிக் அப்’ என்கிறது. மும்பையில் வேலை பார்த்தபோது இந்தி பழகிக்கொண்டவர் ‘ஐ பிக்ட் அப் ஹிந்தி இன் மும்பை’ என்பார். ‘ஐ லேர்ண்ட் ஹிந்தி’ என்பதும் தவறில்லை. ஆனால் அதைக் கேட்பவர் தேர்வும் பாடமும் இருந்திருக்கும் என்று எண்ணக்கூடும். தறியடியில் அப்பாவைப் பார்த்தே நெசவு பழகிய பிள்ளைக்கும், பட்டறையில் எடுபிடியாக நின்று மெக்கானிக் ஆனவருக்கும் உரிய வினை ‘பிக் அப்’. வேலைக்கான நேர்முகத்தில் இதை மதிப்போடு சொல்லலாம்: ‘ஐ பிக்ட் அப் த பேசிக்ஸ் ஆன் த ஜாப்’ என்பது வேலை செய்தபடியே அடிப்படையைக் கற்றேன் என்பதாகும். ஒருவர் எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வார் என்றால் ‘ஷீ பிக்ஸ் திங்ஸ் அப் குயிக்லி’.

நோய்க்கும் பழக்கத்துக்கும் இந்த வினை வருவது இதே காரணத்தால்தான். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவை யாரும் நாடிப் போகாமல் வந்து ஒட்டுபவை. ‘ஐ பிக்ட் அப் எ கோல்ட் ஆன் த டிரெயின்’ என்றால் ரயில் பயணத்தில் சளி பிடித்துவிட்டது. தமிழின் ‘தொற்றிக்கொள்வது’ இதற்கு மிக நெருங்கிய சொல். தமிழிலும் நோயும் தொற்றிக்கொள்ளும், பழக்கமும் தொற்றிக்கொள்ளும். ஆனால் தொற்றாத நோய்களுக்கு ஆங்கிலம் இதை ஏற்காது. சர்க்கரை நோயையோ இதய நோயையோ ‘பிக் அப்’ செய்ய முடியாது. அங்கே ‘டெவலப்’ என்ற வினை வரும்.

வெற்றியும் இப்படிக் கைக்கு வந்து சேரலாம். ஒரு படம் மூன்று விருதுகளைப் பெற்றால் ‘த ஃபிலிம் பிக்ட் அப் த்ரீ அவார்ட்ஸ்’. கிரிக்கெட் வர்ணனையில் பந்துவீச்சாளர் ‘பிக்ஸ் அப் எ விக்கெட்’, மட்டையாளர் ‘பிக்ஸ் அப் எ சிங்கிள்’. அதே வர்ணனையில் ‘அப்’ இல்லாமல் ‘ஹி டிட் நாட் பிக் த கூக்ளி’ என்றும் கேட்கலாம். அது பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கையிலிருந்து கண்டுகொள்ளவில்லை என்பதாகும். ஒரே ஓவருக்குள் இரண்டும் வரக்கூடும் என்பதால் காதைக் கூர்மையாக வைத்துக் கேட்பது நல்ல பயிற்சி.

கருவியும் காதும் பிடிப்பவை

வானொலிப் பெட்டி அலையைப் பிடிப்பது, மைக் ஒலியைப் பிடிப்பது, ராடார் விமானத்தைக் கண்டுகொள்வது, மோப்ப நாய் வாடையைப் பிடிப்பது எல்லாம் ‘பிக் அப்’. ‘த மைக் பிக்ட் அப் எவ்ரி விஸ்பர்’ என்றால் கிசுகிசுத்ததெல்லாம் மைக்கில் பதிவாகிவிட்டது. இதிலிருந்து மனிதர்கள் நுட்பமாக உணர்ந்துகொள்வதற்கு ‘பிக் அப் ஆன்’ என்ற வடிவம் வந்தது. வாய்விட்டுச் சொல்லாத வருத்தத்தை முகத்திலிருந்து அறிவது ‘ஷீ பிக்ட் அப் ஆன் ஹிஸ் சாட்னஸ்’.

இதோடு குழப்பக்கூடிய இன்னொரு வடிவம் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘த எடிட்டர் பிக்ட் மீ அப் ஆன் மை ஸ்பெல்லிங்’ என்றால், என் எழுத்துப்பிழையை ஆசிரியர் சுட்டிக்காட்டினார் என்பதாகும். ஆளைக் குறிக்கும் சொல் ‘அப்’புக்கு முன்னால் நடுவில் வந்தால் தவற்றைச் சுட்டுதல், ஆள் இல்லாமல் ‘பிக் அப் ஆன்’ என்று தொடர்ந்து வந்தால் கவனித்து உணர்தல். இடம் மாறினால் பொருள் மாறிவிடும்.

மேலே எழுவது

இரண்டாம் வேர் இங்கே தொடங்குகிறது. இதில் எடுப்பவர் என்று யாரும் இல்லை. தாழ்ந்திருந்தது தானாக உயர்கிறது. ‘பிசினஸ் இஸ் பிக்கிங் அப்’ என்றால் வியாபாரம் சூடுபிடிக்கிறது. ‘சேல்ஸ் பிக்ட் அப் பிஃபோர் தீபாவளி’ என்றால் தீபாவளிக்கு முன் விற்பனை ஏறியது. உடல்நலம், மழை, காற்று, சந்தை, கதையின் ஓட்டம் ஆகியவை எழுவாயாக வரும். தமிழ் வணிகப் பேச்சிலும் ‘படம் ரெண்டாவது வாரத்துல பிக்கப் ஆயிடுச்சு’ என்பது இதே பொருள்தான்.

செயப்படுபொருள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதன் தேவையை இரண்டு வாக்கியங்கள் காட்டும். ‘த விண்ட் பிக்ட் அப்’ என்றால் காற்று வலுத்தது. ‘த விண்ட் பிக்ட் அப் த டஸ்ட்’ என்றால் காற்று புழுதியைக் கிளப்பியது. முன்னதில் வேலை செய்வது இரண்டாம் வேர், பின்னதில் முதல் வேர்.

வேகத்தைக் கூட்டும்போது மட்டும் செயப்படுபொருள் உடன் வரும்: ‘த டிரெயின் பிக்ட் அப் ஸ்பீட்’. மெல்லத் தொடங்கிய இயக்கமோ முயற்சியோ வலுப்பெறுவதற்கு ‘பிக் அப் ஸ்டீம்’ என்பார்கள். நீராவி எஞ்சின் காலம் விட்டுச்சென்ற தொடர் அது. ‘வண்டிக்கு பிக்கப் இல்ல’ என்று தமிழ்நாட்டில் மெக்கானிக்குகள் சொல்வது ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் வேகம் எடுக்காத நிலையை. ஆக்ஸிலரேஷன் என்ற இந்தப் பொருள் அமெரிக்க அகராதிகளிலும் இருக்கிறது. இது தமிழர் உண்டாக்கிய பிழையன்று. ஆனாலும் வெளிநாட்டில் கார் வாங்கும்போது ‘ஆக்ஸிலரேஷன்’ என்று கேட்பதே தெளிவு, ‘பிக்கப்’ என்றால் விற்பவர் முதலில் பிக்கப் டிரக்கைத்தான் நினைப்பார்.

விட்டதைத் தொடர்வதும் பொறுப்பை ஏற்பதும்

கீழே வைத்ததை மீண்டும் கையில் எடுப்பது, நிறுத்திய வேலையைத் தொடர்வதற்கும் விரிந்தது. ‘லெட் அஸ் பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்’ என்றால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வகுப்பிலும் கூட்டத்திலும் இது பெரிதும் பயன்படும். அறுந்த பேச்சைத் தொடர்வதற்கு ‘பிக் அப் த த்ரெட்’.

பணப்பொறுப்பை ஏற்பதற்கு ‘பிக் அப் த பில்’ அல்லது ‘பிக் அப் த டேப்’. நால்வர் சாப்பிட்ட பிறகு ஒருவரே பணம் கட்டும் இடத்தில் சொல்வது முதன்மை வழக்கு. அங்கிருந்து பொருளாதாரச் செய்திகளுக்கு நகர்ந்து, ஒரு நிறுவனத்தின் இழப்பை அரசோ வரிகட்டும் மக்களோ சுமக்க நேர்வதையும் குறிக்கும். அத்தகைய வரிகளில் ‘யார் செய்ததற்கு யார் கட்டுவது’ என்ற மனத்தாங்கல் பெரும்பாலும் உடன் இருக்கும். மொழிபெயர்க்கும்போது வெறுமனே ‘செலவை ஏற்றது’ என்று போட்டால் அந்தத் தொனி நழுவிவிடும், ‘தலையில் விழுந்தது’ என்பது நெருங்கி வரும். ‘பிக் அப் த பீசஸ்’ பேரிழப்புக்குப் பின் வாழ்க்கையைத் திரட்டி நிறுத்துவது. வேலை நேரத்தை ஏற்பதற்கும் இவ்வினை உண்டு: ‘ஷீ பிக்ட் அப் அன் எக்ஸ்ட்ரா ஷிஃப்ட்’.

சொல்வரிசை

‘பிக் அப்’ பிரியக்கூடிய வினை. செயப்படுபொருள் பெயர்ச்சொல்லாக இருந்தால் ‘அப்’புக்குப் பின்னும் வரலாம், முன்னும் வரலாம்: ‘பிக் அப் த புக்’, ‘பிக் த புக் அப்’ இரண்டும் சரி. அது ‘இட்’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘தெம்’, ‘மீ’ போன்ற பிரதிப்பெயராக இருந்தால் நடுவில் மட்டுமே வரும். ‘பிக் இட் அப்’ சரி. ‘பிக் அப் இட்’ எப்போதும் தவறு.

செயப்படுபொருள் நீண்ட தொடராக இருந்தால் அதைக் கடைசியில் வைப்பதே நல்லது. ‘பிக் அப் த ரெட் புக் தட் யுவர் அங்கிள் லெஃப்ட் ஆன் த டேபிள்’ என்பதில் ‘அப்’பை இறுதிக்குத் தள்ளினால், கேட்பவர் வினையின் பாதியைப் பிடித்துக்கொண்டு வாக்கியம் முடியும்வரை காத்திருக்க நேரும். நிலைபெற்ற சில தொடர்களில் வரிசை மாறுவதில்லை. ‘பிக் அப் ஸ்பீட்’ என்பதை ‘பிக் ஸ்பீட் அப்’ என்று மாற்றிச் சொல்வது வழக்கில் இல்லை. ‘பிக் அப் ஆன்’ என்ற வடிவத்தில் பிரதிப்பெயரும் கடைசியிலேயே வரும்: ‘ஷீ பிக்ட் அப் ஆன் இட்’.

உச்சரிப்பில், வினையாக வரும்போது ‘அப்’புக்கும் அழுத்தம் உண்டு. பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முழுவதும் முதல் அசையான ‘பிக்’கில் விழும். எழுத்திலும் வேறுபாடு உண்டு: வினை இரண்டு சொல்லாகவும், பெயர் ஒரே சொல்லாகவோ நடுவில் சிறுகோடு இட்டோ எழுதப்படும்.

பெயர்ச்சொல்லாக

பிக்கப் என்றதும் உலகம் முதலில் நினைப்பது பின்புறம் திறந்த சரக்கு வண்டியை. ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் மாடல் டி காரைப் பிக்கப் உடலோடு தொழிற்சாலையிலேயே கட்டி விற்கத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் இதே வகை வண்டி ‘யூட்’, தென்னாப்பிரிக்காவில் ‘பக்கி’. அந்த நாடுகளுக்குச் செல்வோர் இந்தப் பெயர்களையும் அறிந்திருப்பது பயன்படும்.

எலக்ட்ரிக் கிட்டாரில் நரம்புகளுக்கு அடியில் இருக்கும் காந்தச் சுருள் பிக்கப். எஃகு நரம்பு அதிரும்போது சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அதுவே ஒலிபெருக்கிக்குப் போகிறது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் இதை வடிவமைத்தார். நைலான் நரம்பில் இந்தப் பிக்கப் வேலை செய்யாது. கிரிக்கெட்டில் மட்டையைப் பின்னே உயர்த்தும் விதமும், கையில் எடுக்கும்போது மட்டையின் கனம் உணரப்படும் விதமும் ‘பிக்கப்’ எனப்படும். விலை கொடுத்து மட்டை வாங்குவோர் எடையைவிட இதைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவில் ‘பிக்கப் கேம்’ என்றால் அங்கே வந்திருப்பவர்களைச் சேர்த்து உடனே ஆடும் கூடைப்பந்து போன்ற ஆட்டம். சோர்வு நீங்கக் குடிக்கும் காபியோ வேறு பானமோ ‘பிக்-மீ-அப்’.

பயிற்சிப் பத்தி

கீழுள்ள பத்தியில் ‘பிக் அப்’ எட்டு இடங்களில் வருகிறது. ஒவ்வோரிடத்திலும் பக்கத்துப் பெயர்ச்சொல்லைப் பார்த்துப் பொருளைக் கண்டபின் விளக்கத்தைப் படிக்கலாம்.

‘பிசினஸ் பிக்ட் அப் இன் அக்டோபர். குமார் பிக்ட் அப் டூ எக்ஸ்ட்ரா ஷிஃப்ட்ஸ், அண்ட் பிக்ட் அப் எ பேட் காஃப் டூ. ஆன் ஃபிரைடே ஹி பிக்ட் ஹிஸ் மதர் அப் ஃப்ரம் எக்மோர், பிக்ட் அப் சம் ஸ்வீட்ஸ் ஆன் த வே, அண்ட் ரேங் ஹிஸ் பிரதர், ஹூ டிட் நாட் பிக் அப். அட் டின்னர் ஹிஸ் மதர் பிக்ட் அப் ஆன் ஹிஸ் டயர்ட்னஸ், அண்ட் வென் த வெயிட்டர் கேம், ஷீ குவைட்லி பிக்ட் அப் த பில்.’

முதல் வாக்கியத்தில் செயப்படுபொருள் இல்லை, எழுவாய் வியாபாரம், எனவே உயர்வது. ஷிஃப்ட் என்பதால் வேலையை ஏற்பது. இருமல் என்பதால் தொற்றுவது. ஒரே வாக்கியத்தில் விரும்பி ஏற்றதும் விரும்பாமல் வந்ததும் அடுத்தடுத்து நிற்கின்றன. ‘அம்மா’வும் ‘எக்மோரிலிருந்து’ என்பதும் சேர்ந்து வருவதால் எழும்பூரிலிருந்து கூட்டி வருவது, ஐயத்துக்கு இடமில்லை. இனிப்பு என்பதோடு ‘வழியில்’ என்றும் இருப்பதால் வாங்கி வருவது. அண்ணனோ தம்பியோ எடுக்காதது போன் என்பதை முன்னே வந்த ‘ரேங்’ சொல்லிவிடுகிறது. களைப்புக்கு முன் ‘ஆன்’ இருப்பதால் அது உணர்ந்துகொள்வது. கடைசியில் வருவது பில். சாப்பாட்டுக்கான பணத்தை அம்மாவே சத்தமில்லாமல் கட்டிவிட்டார்.